வாசிக்காத இரண்டாம் ஓலை

அன்புள்ள மகன் ஆரோக்கியத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று எல்லாக் கடிதத்தையும் போல இதையும் தொடங்கலாம் என்றுதான் பார்த்தேன், பேனா ஓடவில்லை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் தங்கை அருள்மேரியும் நன்றாக இருக்கிறாள். ஆனால் போன ஞாயிறு உனக்கும் உன் மாமன் மகள் ஸ்டெல்லாவுக்கும் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தேன். வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ நாக்பூரில் டூட்டி முடிந்து வந்து ரயில்வே சட்டையைக்கூடக் கழற்றாமல் கடிதம் பிரிக்கிறவன். இதை அப்படிப் படிக்காதே. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. கடிதம் நீளம். சுருக்கமாகப் பேசுவது உன் அப்பனுக்கு ஊரார் விஷயத்தில்தான் வரும்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் நம் ஊர்க் கோயிலுக்கு உபதேசியார். பங்குச் சாமியார் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார்; மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும் அறிவிப்பு வாசிப்பதும் நான்தான். கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. இத்தனை வருஷத்தில் ஒருவரும் எழுந்ததில்லை. ஒரே ஒரு தடவை ஒரு கிழவி வந்து, மாப்பிள்ளை வீட்டார் வாங்கிப்போன அண்டா இன்னும் திரும்பி வரவில்லை, அது தடையில் சேருமா என்று கேட்டாள். அதனால் அந்த வரியை நான் மூச்சு விடுகிற மாதிரி வாசித்துப் பழகிவிட்டேன். போன ஞாயிறு வாசித்தபோது, தடையை அறிந்த ஆள் வாசித்துக்கொண்டிருந்த நானேதான். ஒன்பது மாதமாக எனக்குத் தெரியும். உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் பிறக்கிற பிள்ளை அருள்மேரியைப் போலவே பார்வை இல்லாமல் போகக்கூடும். நிச்சயம் என்று சொல்லவில்லை. ஆனால் மற்றவர்களுக்கு இருப்பதைவிட உங்களுக்கு அந்த ஆபத்து ரொம்ப அதிகம். இதை உன்னிடம் சொல்லும்படி ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அருள்மேரி பிறந்தது அறுபத்து நாலில், புளி உலுக்குகிற மாசம். உனக்கு அப்போது நாலு வயது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் கண்ணைத்தான் பார்த்தார்கள். அப்படிப் பெரிய கண். கருவிழி அகலமாக, லேசாக நீலம் கலந்த மாதிரி இருக்கும். "என்னா கண்ணு பாருங்க, மூஞ்சில பாதி கண்ணாவே இருக்குது" என்று ஒருத்தி சொல்ல, "இந்தக் கண்ணுக்கே மாப்பிள்ள வரிசையில நிப்பான்" என்று இன்னொருத்தி சொல்ல, நான் பக்கத்தில் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கம்பைநல்லூர் சந்தைக்கு வந்தவர்கள்கூடக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் குழந்தை முகத்தை உன் அம்மா மாரில் புதைத்துக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வடியும். ஊர்க் கண்ணெல்லாம் பட்டுவிட்டது என்று நெற்றியிலும் கன்னத்திலும் மை வைத்தோம். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டோம். உபதேசியார் வீட்டில் இதெல்லாம் செய்யலாமா என்று கேட்காதே. செய்தோம்.

மூன்றாம் மாதம் கன்னியர் மடத்து மருந்தகத்தில் இருந்த மலையாளத்து சிஸ்டர் குழந்தையைப் பார்த்தார்கள். மற்றவர்களைப் போல அவர்கள் சிரிக்கவில்லை. "உபதேசியாரே, இது அழகு இல்ல. கண்ணுக்குள்ள தண்ணி கட்டிக்கிட்டு முழி ஊதிட்டு வருது. நாளைக்கே மெட்ராஸ் கொண்டு போங்க" என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயில் திருவிழா முடியட்டும் என்றேன், கொடியேற்றத்திலிருந்து எல்லாம் என் பொறுப்பில் இருந்தது. திருவிழா முடிந்ததும் அறுவடை. அதற்கப்புறம் மாதாவுக்கு ஒன்பது வாரம் நேர்ச்சை. ஊரே மெச்சிய கண்ணை ஒருத்தி நோய் என்கிறாளே என்று உள்ளுக்குள் எனக்குக் கோபம், அதுதான் உண்மை. மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பதினோரு மாதம். கருவிழியில் பால் படர்ந்த மாதிரி வெண்மை ஏறிவிட்டது. கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய்ப் பார்வை நரம்பைக் கொன்றுவிடுமாம். பெரியவர்களுக்கும் வருமாம், ஆனால் பிறக்கும்போதே வருகிறது வேறு மாதிரியாம். குழந்தையின் கண் இளசு என்பதால் அழுத்தத்தில் விரிந்து பெரிதாகிவிடுமாம். நாங்கள் மெச்சியது அந்த வீக்கத்தைத்தான். ஆபரேஷன் செய்தார்கள். செய்த டாக்டர், "எட்டு மாசம் முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். காலையில் கண்ணாடி முன்னால் முகம் வழிக்கும்போது இன்றைக்கும் அது என் காதில் விழுகிறது.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. உன் அம்மா வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள், அரிவாள்மணையில் காய் நறுக்கிவிட்டாள் என்று பேசினார்கள். எந்தக் கிரகணம், எந்த நாள் என்று ஒருவருக்கும் தெரியாது. உன் அம்மாவே கடைசியில் நம்பிவிட்டாள். நம் பக்கம் பிள்ளைகளைக் கண்ணு, கண்ணு என்றுதானே கூப்பிடுவார்கள். அதற்கப்புறம் அவள் உன்னைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. நீ கவனித்திருக்கமாட்டாய். நான் கவனித்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் எனக்கு வேறு ஒன்று தெரியும். என் அப்பாவின் கடைசித் தம்பி சின்னப்பன், உனக்குச் சின்னத்தாத்தா முறை. நீ அவரைப் பார்த்ததில்லை. அவருக்குக் கைக்குழந்தையிலிருந்தே பார்வை இல்லை. அம்மை வந்து கண் போனது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் மடியில் நான் வளர்ந்தேன். அந்த முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. அம்மை என்று சொன்னால் பெண் கொடுப்பவர்கள் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள், பிறவிக் குறை என்றால் யார் கொடுப்பார்கள்? அதற்கும் பயந்துதான் நம் வீட்டில் வெளியே பெண் தேடுவதையே விட்டார்கள். வெளியில் கேள்வி கேட்பார்கள். சொந்தத்துக்குள் கேள்வி இல்லை. என் தாத்தா ஏற்கெனவே தன் மாமன் மகளைக் கட்டியவர்; அதற்கப்புறம் எனக்கு என் அத்தை மகளான உன் அம்மா.

சொந்தத்தில் கட்டுவதென்றால் ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். அந்த மனு எழுதுவதும் என் வேலைதான். மனுவோடு ஒரு வம்சப் படம் வைக்க வேண்டும். மேலே பொதுவான தாத்தா பாட்டி, கீழே இரண்டு கிளை, கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும், ரத்தம் எத்தனை படியில் சந்திக்கிறது என்று காட்ட. இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அந்தப் படம் போட்டுத் தந்தது நான். பெண்ணுக்கு வயதாகிறது, பங்கில் தகுந்த வரன் இல்லை என்று ஒரே காரணத்தைத்தான் எல்லா மனுவிலும் எழுதுவேன். ஆயருக்கு அது மனப்பாடமே ஆகியிருக்கும். படத்தில் கல்யாணம் ஆனவர்களை மட்டும்தான் போடுவது வழக்கம். சின்னப்பன் சித்தப்பா எந்தப் படத்திலும் வந்ததில்லை.

போன வருஷம் ஆடியில் அருள்மேரிக்கு இடது கண்ணில் வலி தாங்காமல், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதாளே, அப்போது மெட்ராஸ் கொண்டுபோய் அந்தக் கண்ணை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் ஒரு சின்ன அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மருந்து எழுத என்று நினைத்தேன். உன் வயதைவிட நாலைந்து வயது கூட இருக்கும், ஒரு டாக்டரம்மா. அருள்மேரி கட்டோடு என் தோளில் சாய்ந்து கிடந்தாள், தூங்குகிறாள் என்று விட்டுவிட்டேன். டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு இழுத்தார். ஆரோக்கியம், அது நான் போடுகிற அதே படம்.

"இதுக்கு முன்னாடி உங்க குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே பார்வை போயிருக்கா?" என்று கேட்டார்.

"எங்க சித்தப்பா ஒருத்தருக்குங்க. அது அம்மை போட்டதுங்க."

"முகத்துல தழும்பு இருந்துச்சா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க" என்றேன். அவர் என் அப்பாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அதைப் பேனாவால் கறுப்பாகத் தீட்டினார். கீழே அருள்மேரியின் வட்டத்தையும் தீட்டினார். படத்தில் இப்போது இரண்டு கறுப்பு.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். "நம்ம உடம்புல எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு சீட்டு இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. கண்ணு சரியா வளர்றதுக்கும் அப்பிடி ஒண்ணு இருக்கு. ஒரு சீட்டு பழுதானாலும் இன்னொண்ணு வேலை செய்யும், அவங்களுக்கு நோயே வராது, இருக்கறதும் தெரியாது. ரெண்டு பேர்கிட்டயும் பழுது இருந்து, ரெண்டு பழுதும் ஒரே குழந்தைக்குப் போச்சுன்னா நோய் வரும். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, ஒவ்வொரு குழந்தைக்கும். சொந்தத்துல கட்டும்போது ஒரே பழுது ரெண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்." நான் கேட்ட முதல் கேள்வி உன்னைப் பற்றியோ அருள்மேரியைப் பற்றியோ இல்லை. "அப்ப என் சம்சாரம் மேல தப்பு இல்லீங்களா?" என்று கேட்டேன். "யார் மேலயும் தப்பு இல்லீங்க. உங்ககிட்ட ஒண்ணு, அவங்ககிட்ட ஒண்ணு. சமம். வெளியில இருக்காங்களா, கூப்பிடுங்க, நான் சொல்றேன்" என்றார். போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது என்றேன். பதினேழு பதினெட்டு வருஷம் அந்தப் பழியைத் தனியாகச் சுமந்துவிட்டுப் போனாள் உன் அம்மா, பாதிப் பழிக்காரன் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் போட்ட களியைத் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். உனக்கு நோய் இல்லை, ஆனால் பழுதுச் சீட்டு ஒன்று உன்னிடம் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்றார். அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல இன்னும் சோதனை எதுவும் வரவில்லையாம். "பையனுக்குப் பொண்ணு பாத்தாச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "சொந்தத்துல பாக்கறீங்களா?" இல்லை என்றேன். ஸ்டெல்லா பிறந்த அன்றே உனக்கு என்று பேசியது, நீ அவளுக்கு எழுதுகிற கடிதம் என் பெயருக்கு வருகிற உறைக்குள்ளேதான் வருகிறது, எல்லாம் தெரிந்துதான் பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்பிடிப் பாத்தா, கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. கட்டாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது அவங்க முடிவு. ஆனா தெரிஞ்சு முடிவு பண்ணணும். கட்டினாலும் குழந்த பொறந்த முதல் வாரமே கண்ணக் காட்டணும். சீக்கிரம் செஞ்சா பல குழந்தைங்களுக்குப் பார்வை நிக்குது." படம் போட்ட தாளை மடித்து என் கையில் கொடுத்தார். அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன் அம்மா கடைசியாகத் தெளிவாகப் பேசியது ஒன்றே ஒன்றுதான்: ஸ்டெல்லாவையே கட்டிவையுங்கள், அருளுக்கு ஒரு கை வேண்டும் என்று. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அருள்மேரிக்குத் தலை வாரிவிடுவது, துணி மடித்து வைப்பது, கிணற்றடிக்குக் கூட்டிப் போவது எல்லாம் ஸ்டெல்லாதான், அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து. வெளியிலிருந்து வருகிறவள் இதைச் செய்வாளா, நாத்தனாரைப் பாரமாக நினைப்பாளா என்று எனக்குப் பயம். நீங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று இந்தக் கல்யாணத்தைப் பேசினேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். நான் செத்த பிறகு என் மகளுக்குச் சோறு போட ஆள் வேண்டும், அதற்காகப் பிறக்காத உன் பிள்ளையின் கண்ணைப் பணயம் வைத்தேன். பங்குனியில் உங்கள் விதிவிலக்கு மனுவுக்கு வம்சப் படம் போட்டபோதும் சித்தப்பாவை விட்டுவிட்டேன், வழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு. காரணம் என்ற இடத்தில் பெண்ணுக்கு வயதாகிறது என்று எழுதினேன். ஸ்டெல்லாவுக்கு இருபத்தொன்று.

போன ஞாயிறு என்ன நடந்தது என்றால், அருள்மேரி எப்போதும் போலப் பெண்கள் பக்கம் முன் பெஞ்சில் இருந்தாள், பக்கத்தில் ஸ்டெல்லா. உன் பெயரையும் ஸ்டெல்லா பெயரையும் வாசித்தேன். பெண்கள் பக்கம் சிரிப்புச் சத்தம். தடை அறிந்தவர்கள் என்ற வரி வந்தது. அருள்மேரி எழுந்து நின்றாள். கையைப் பெஞ்சில் ஊன்றி, முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பி, நேராக நின்றாள். வெளியே போக எழுந்தாள் என்று நினைத்து ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்தாள். இரண்டு நிமிஷமோ இரண்டு நொடியோ எனக்குத் தெரியாது. நான் தாளைத் திருப்பி, மாதா திருவிழாவுக்குப் பூ கொடுப்பவர்கள் பெயரை வாசிக்க ஆரம்பித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது வழக்கம்போல என் தோளில் கை வைத்து நடந்தாள். புளியமரம் தாண்டியதும், "எதுக்கும்மா எந்திரிச்ச?" என்று கேட்டேன்.

"நீங்கதான கேட்டீங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. எனக்குத் தெரியுமில்ல."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரில நான் தூங்கலப்பா. அந்த டாக்டரம்மா சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். பொண்ணு பாக்கலைன்னு நீங்க சொன்னீங்களே, அதையும்."

பார்வை இல்லாதவள் என்றால் காதும் இல்லாதவள் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது, பெற்ற அப்பன். "அப்பறம் ஏம்மா பேசாம உக்காந்துட்ட?" என்றேன்.

"ஸ்டெல்லா கையப் புடிச்சிட்டா. அவ கையப் புடிச்சிக்கிட்டு எப்பிடிச் சொல்றது" என்றாள். கொஞ்ச தூரம் போய், "ஒம்பது மாசமா நீங்க சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். டாக்டர் என்ன சொன்னாங்கன்னு அண்ணன் ஒரு லெட்டர்லயாவது கேக்கவே இல்லியா?" என்றாள்.

கேட்டிருந்தாய். மூன்று கடிதத்தில் கேட்டிருந்தாய். உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டேன். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள் என்று மட்டும் உனக்குப் பதில் போட்டேன். அண்ணனுக்குத் தன் மேல் அக்கறை இல்லை என்று அவள் ஒன்பது மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வழியிலேயே உண்மையைச் சொன்னேன். "உனக்காவத்தான் கண்ணு மறைச்சேன்" என்றேன். அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"எனக்காவன்னு சொல்லாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். "எனக்கு ஒத்தாசைக்கு ஆளு வேணும்னு இன்னொரு கொழந்த என்னையாட்டம் பொறக்கணுங்களா? அதுவும் இதே வூட்டுல எம்பக்கத்துலதான வளரும். பெருசாயி, தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லலைன்னு என்னயத்தான் கேக்கும். நான் என்னன்னு சொல்லுவேன்."

மறுநாள் பங்குச் சாமியாரிடம் போய் எல்லாம் சொல்லி, ஓலையை நிறுத்திவைக்கச் சொன்னேன். அவர் நிறுத்துகிறேன் என்றார். அங்கிருந்து நேராக உன் மாமன் மரியதாஸ் வீடு. படத்தை விரித்துக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் தன் கட்டத்தையே பார்த்தான். "மச்சான், எங்கிட்ட சொல்லியிருந்தா ஒங்கள என்ன கொன்னா போட்டிருப்பேன்" என்றான். அப்புறம், "எங்கக்கா இதுக்காவ எத்தன வருசம் அழுதுச்சு" என்றான். பெண்ணிடம் நீங்களே சொல்லுங்கள் என்று எழுந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டெல்லா ஈரத் துணியைத் தோளில் போட்டபடி நின்று கேட்டாள். "கொழந்தைக்கு வந்தா ஒடனே ஆபரேசன் பண்ணா சரியாவுமா மாமா?" என்றாள். சிலருக்கு ஆகுமாம், நிச்சயமில்லை என்றேன். "அந்த டாக்டரம்மாகிட்ட நானும் வர்றேன். எனக்கும் கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள். மூன்று நாள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அருள்மேரி சிக்குத் தலையோடு கிடந்தாள். நான் வாரிவிடப் போய் முடியைப் பிய்த்ததுதான் மிச்சம். நாலாம் நாள் வந்தாள். வாரிப் பின்னி விட்டாள். நான் வெளியே நின்றுகொண்டேன்.

இனி உன் பாடு. அவசரப்பட்டு எழுதாதே. என் மேல் கோபத்தில் ஸ்டெல்லாவை வேண்டாம் என்று சொல்லாதே. அருள்மேரி மேல் இரக்கத்தில் வேண்டும் என்றும் சொல்லாதே. லீவு போட்டு வா; உன்னையும் ஸ்டெல்லாவையும் அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன். போன தடவை சொன்ன பொய்யையும் அங்கே சொல்லிவிட வேண்டும். விட்டுவிடுவதென்றால் அதை ஸ்டெல்லாவிடம் நீயே நேரில் சொல், என் மூலமாகச் சொல்லி அனுப்பாதே. இந்த வீட்டில் மூலமாகப் போன சேதியெல்லாம் பாதியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெளியில் பெண் பார்த்தால் ஆபத்து ரொம்பக் குறைவு என்று டாக்டரம்மா சொன்னார். அப்போதும் பெண் வீட்டில் உன் தங்கையைப் பற்றி, சின்னப்பன் தாத்தாவைப் பற்றி நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிடு. எழுந்து போகிறவர்கள் போகட்டும். ஸ்டெல்லாவையே கட்டுவதென்று இருவரும் தெரிந்தே முடிவு செய்தால், நான் தடை சொல்ல மாட்டேன், அதற்கு எனக்கு வாயும் இல்லை. ஆனால் குழந்தை பிறந்ததும் யாராவது வந்து, கண் என்ன அழகு என்று சொன்னால், அன்றைக்கே பஸ் ஏறு. திருவிழா வந்தாலும் சரி, உன் அப்பன் செத்துக் கிடந்தாலும் சரி.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அருள்மேரிக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு இடத்தில் என்னை நிறுத்தினாள். என் பொய்யோ, உன் அம்மா பட்ட பழியோ, அவளே பேசியதோ வந்த இடம் இல்லை. "கண்ணு பெருசா அழகா இருந்துச்சு, ஊரே வந்து பாத்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது நெசமா?" என்று கேட்டாள்.

"அது நோவும்மா. அதத்தான் நாங்க அழகுன்னு நெனச்சோம்."

"நோவுதான், தெரியும். பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா. சந்தைக்கு வந்தவங்ககூட வந்து பாத்தாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் இதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. எனக்கு வெட்கம், உன் அம்மாவுக்குப் பயம். அருள்மேரி கையை நீட்டித் தாளைத் தொட்டு, "அந்த எடத்த மட்டும் அடிச்சிராதீங்க" என்றாள். அடிக்கவில்லை. அப்படியே இருக்கிறது.

பதில் எனக்கு எழுத வேண்டாம், அவள் பெயருக்கு எழுது. என்னைத் திட்டுவதாக இருந்தாலும் அதிலேயே எழுது. ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுகிறேன்.

அப்பா